1972 எம்ஜிபிக்குள் இன்றைய எஞ்சின்: எதைப் போடலாம், கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும்

கேள்வி இது: இங்கிலாந்தில் 1972-ம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வைத்திருக்கிறேன். எஞ்சின் ஆயில் குடிக்கிறது, குளிர் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, மோட்டார்வேயில் சத்தம் தாங்கவில்லை. ரீபில்ட் செய்வதற்குப் பதில் மாஸ்டாவோ ஃபோர்டோ, ஏதாவது ஒரு புதிய எஞ்சினைப் பொருத்திவிடலாமா? எது சரியாக இருக்கும்? அப்படிச் செய்தால் பழைய பதிவு எண் போய்விடுமா?

பொருத்தலாம். உங்கள் காருக்கு நான் சொல்வது மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ன் 1.8 லிட்டர் எஞ்சின், அதோடு அதே காரின் ஐந்து கியர் பெட்டி. பாடியில் எதையும் வெட்டாமல் செய்ய வேண்டும். வெட்டாமல் செய்தால் பதிவு எண்ணுக்கும் ஆபத்தில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுதான் உண்மையில் எஞ்சினின் வயதைப் பற்றியது.

மோட்டார்வே சத்தத்தை எடுத்துக்கொள்வோம். எம்ஜிபியின் பின் ஆக்சில் விகிதம் 3.909, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.909 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். அந்த 14 அங்குலச் சக்கரத்தோடு நான்காவது கியரில் எஞ்சினின் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மணிக்கு ஏறக்குறைய 18 மைல் வேகம் வரும். அதாவது மணிக்கு 70 மைலில் எஞ்சின் 3900 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) எல்லாக் கார்களிலும் கட்டாயமாக வரவில்லை, கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான். உங்கள் காரில் அது இருந்து வேலை செய்தால் அதே வேகத்தில் சுமார் 3200-க்கு இறங்கிவிடும். இல்லையென்றால், உங்களை வாட்டுவது கியர்பாக்ஸ். பழைய எஞ்சினை வைத்துக்கொண்டே ஐந்து கியர் பெட்டி பொருத்த ஆயத்தக் கிட்டுகள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. குளிரில் ஸ்டார்ட் ஆகாதது பெரும்பாலும் தீப்பொறிக்கான பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர், தேய்ந்த எஸ்யு கம்பெனி கார்புரேட்டர் விவகாரம்.

மிச்சமிருப்பது ஆயில் குடிப்பது. அதற்கு எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்கினால் 1798 சிசியை 1950 சிசியாகத் துளை பெரிதாக்கி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைச் சீர்செய்து, ஈயமில்லாத பெட்ரோலுக்கான வால்வு சீட் போட்டு, நல்ல கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒன்றும் மாட்டினால், 95 குதிரைத்திறனாக இருந்தது 120-க்குப் பக்கத்தில் வரும். இது மரியாதையான வழி. எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எல்லாப் பாகமும் கடையில் இருக்கிறது. இந்த வழி உங்களுக்குப் போதுமா என்று ஒரு வாரம் யோசித்துப் பாருங்கள். போதாது, எனக்கு 16 வால்வு எஞ்சின்தான் வேண்டும், சாவியைத் திருப்பினால் உடனே எழ வேண்டும், 6000 சுற்றைத் தாண்டியும் இழுக்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

இடையில் ஒரு செய்தி. உங்கள் காரில் இருப்பது பிஎம்சி என்ற பழைய பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின். அதே குடும்பத்தின் 1489 சிசி எஞ்சின்தான் நம் ஊர் அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் ஓடியது. பிறகு 1990-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அந்தக் காருக்குள் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தி விற்றது. ஆக, 1950-களின் பிரிட்டிஷ் பாடிக்குள் ஜப்பானிய எஞ்சின் என்பது நமக்குப் புதிய விஷயமே இல்லை. அந்த அம்பாசிடரை ஓட்டியவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எம்ஜி தொழிற்சாலையே இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறது. ஒன்று சறுக்கியது, மற்றொன்று பலித்தது. எஞ்சினைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1967-ல் எம்ஜிசி வந்தது. எம்ஜிபியின் அதே பாடி, உள்ளே 2912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், 145 குதிரைத்திறன். காகிதத்தில் அருமை. ஆனால் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் நான்கு சிலிண்டரை விடக் கிட்டத்தட்ட 95 கிலோ கனம், நீளமும் அதிகம். அதற்காக முன்பக்கக் கிராஸ்மெம்பரையே (குறுக்குச் சட்டம்) எடுத்துவிட்டு, முறுக்குக் கம்பியால் இயங்கும் டார்ஷன் பார் சஸ்பென்ஷன் வைக்க வேண்டியிருந்தது, பானெட்டில் புடைப்பு வைக்க வேண்டியிருந்தது. கார் நேர்கோட்டில் பறந்தது, வளைவில் மூக்கு வெளியே தள்ளியது. அன்றைய பத்திரிகைகள் அதைக் கடுமையாக விமர்சித்தன. 1969-லேயே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து, கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் 1970 வாக்கில் ரோவர் வி8 எஞ்சினை எம்ஜிபிக்குள் பொருத்தி விற்கத் தொடங்கினார். அந்த எஞ்சின் 3528 சிசி, ஆனால் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ப்யூக் காருக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1961-ல் செய்ததை ரோவர் உரிமை வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது. எட்டு சிலிண்டர் இருந்தும் எடை நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சினை ஒட்டியே இருந்தது. 1973-ல் தொழிற்சாலையே எம்ஜிபி ஜிடி வி8 என்று இறக்கியது. 137 குதிரைத்திறன்தான், எம்ஜிசியை விடக் குறைவு. ஆனால் முன் சக்கரத்தின் மேல் கூடுதல் பாரம் ஏறவில்லை, வண்டி வளைவில் எம்ஜிபியாகவே இருந்தது. 1976 வரை 2591 கார்கள் செய்தார்கள். இன்று அதற்கு எவ்வளவு மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

குதிரைத்திறனைப் பார்த்து எஞ்சின் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் எடை, அடுத்து அந்த எடை எங்கே உட்காருகிறது, பிறகு பின்னால் எந்தக் கியர்பாக்ஸ். இவை மூன்றும் ஒத்துவந்த பிறகு கிடைக்கிற குதிரைத்திறன் எவ்வளவோ அதுவே போதும். ஏறக்குறைய 950 கிலோ எடையுள்ள காருக்கு 130 குதிரைத்திறன் என்பது தாராளம்.

சரி, என்னென்ன எஞ்சின்கள் இருக்கின்றன? நடைமுறையில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இன்றைய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவைக் கார்களுக்காக, குறுக்காக வைக்கச் செய்யப்பட்டவை. எம்ஜிபியில் நெடுக்காக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் இருக்கும் பக்கம், தண்ணீர்க் குழாய்களின் திசை, சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆழமான பகுதி என எல்லாமே மாறும்.

ஃபோர்டு ஜீடெக் 2.0 இதற்குப் பிரபலமானது. பிளாக் வார்ப்பிரும்பு, உறுதியானது, மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஃபோர்டின் பழைய சியரா காரின் டைப் 9 ஐந்து கியர் பெட்டியோடு சேர்க்கத் தேவையான துண்டுகள் எல்லாம் கிட் கார் (பாகங்களாக வாங்கித் தாமே பொருத்தும் கார்) உலகில் என்றோ செய்யப்பட்டுவிட்டன. டுராடெக் அதற்கு அடுத்த தலைமுறை, முழு அலுமினியம், இன்னும் லேசு. மாஸ்டாவும் ஃபோர்டும் பகிர்ந்துகொண்ட எஞ்சின் அது. மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் நெடுக்காக, ஆறு கியர் பெட்டியோடு வந்த எஞ்சினும் அதே குடும்பம்தான். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் ஃப்ரன்ட்லைன் நிறுவனம் எம்ஜிபியின் ஐம்பதாம் ஆண்டையொட்டிச் செய்த எல்ஈ50 காரில் மாஸ்டாவின் 2 லிட்டர் எஞ்சினைத்தான் வைத்தது. 200 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் அது புத்தம் புதிய பாடி, புதிய சஸ்பென்ஷன், புதிய பிரேக் எல்லாம் சேர்ந்த கார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை மட்டும் வாங்கக் கூடாது.

ரோவர் கே-சீரிஸ் எம்ஜி குடும்பத்துக்குள்ளேயே வந்த எஞ்சின் என்பதால் பலருக்கு அதன் மேல் பாசம். எம்ஜிஎஃப், முதல் லோட்டஸ் எலீஸ், பல கேட்டர்ஹாம் கார்களில் இருந்தது. மிகமிக லேசு. அதன் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு) அடிக்கடி போகும் கதை எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் அளவு குறைவு, தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குள் நுழையும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீர் திடீரெனப் பாயும். பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் போட்டு, ஒழுகாத, காற்றுப் பிடிக்காத கூலிங் அமைத்தால் நன்றாகவே ஓடும். எம்ஜி மிட்ஜெட் போன்ற சின்னக் காருக்கு நான் அதைத்தான் சொல்வேன். எம்ஜிபிக்கு அவ்வளவு லேசாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ரோவர் வி8 இன்றும் போடலாம். எல்லாப் பாகமும் கிடைக்கும், வழி தெரிந்த பாதை. ஆனால் நீங்கள் கேட்டது இன்றைய எஞ்சின். அது 1961-ன் வடிவமைப்பு. சத்தம் மட்டும் சொர்க்கம்.

எம்எக்ஸ்-5 எஞ்சினை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், அது பிறப்பிலேயே நெடுக்காக, பின்சக்கர இழுவைக் காருக்காக அமைக்கப்பட்டு வருகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தியபடியே இறங்கும். கிளட்ச், ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர், சென்சார் எதையும் கலந்துகட்ட வேண்டாம். 1839 சிசி, இரட்டை கேம், 16 வால்வு, சுமார் 130 குதிரைத்திறன். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதில் 1.6 எஞ்சினும் உண்டு. ஆனால் ஆரம்ப ஆண்டுகளின் 1.6-ல் கிராங்க் தண்டின் முனை மெல்லியது, அங்கே கப்பியைப் பிடிக்கும் பள்ளம் தேய்ந்து போகும் குறை இருந்தது. அதனால் 1.8 தேடுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. முதல் எம்எக்ஸ்-5-கள் இங்கிலாந்து உப்புச் சாலையில் பின் சக்கர வளைவும் கதவடிப் பகுதியும் துருப்பிடித்தே சாகின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும்போதே கார் எம்ஓடி என்ற வருடாந்தர வாகனச் சோதனையில் தேறாமல் போகிறது. தனி எஞ்சினாக வாங்காமல், ஓடுகிற நிலையில் ஒரு முழுக் காரை வாங்குங்கள். ஓட்டிப் பாருங்கள், கம்ப்ரஷன் பாருங்கள், இரண்டாவது கியர் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். எஞ்சின், பெட்டி, ஈசியு (எஞ்சினை நடத்தும் கணினி), வயரிங் கட்டு, காற்றளவுமானி, ஆக்ஸிஜன் சென்சார், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் ஒரே காரிலிருந்து வரவேண்டும். தனித்தனியாகச் சேர்க்கப் போனால் கடைசியில் ஒரு கனெக்டர் பொருந்தாமல் மாதக்கணக்கில் கார் மூலையில் நிற்கும்.

இப்போது உள்ளே உட்காரவைக்கும் வேலை. எம்ஜிபியில் எஞ்சினுக்குக் கீழே முன்பக்கத்தில் கனமான கிராஸ்மெம்பர் ஒன்று ஓடுகிறது. சஸ்பென்ஷன், ஸ்டீரிங் ராக் இரண்டும் அதன் மேல்தான். அதை வெட்டாதீர்கள், குடையாதீர்கள். இடிப்பது சம்ப் என்றால் சம்ப்பை மாற்றுங்கள். தெரிந்த வெல்டர் ஒருவர் சம்ப்பை வெட்டி ஆழப் பகுதியை நகர்த்திக் கொடுப்பார். ஆனால் ஆயில் உறிஞ்சும் குழாயும் அதற்கேற்ப நகர வேண்டும், உள்ளே தடுப்புத் தகடு இருக்க வேண்டும், மொத்தக் கொள்ளளவு குறையக் கூடாது. வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் ஒரு நொடி காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும்.

பின்பக்கம் இன்னும் நெருக்கம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் கேம் கோண சென்சாரும் இக்னிஷன் காயில்களும் ஹெட்டின் பின்முனையில் இருக்கின்றன. எம்ஜிபியில் பல்க்ஹெட்டின் (எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) மேல் ஹீட்டர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் அது. காயில்களை நீளமான வயர் கொடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம், சென்சாருக்கு இடம் விட்டுத்தான் ஆகவேண்டும். தனி ஈசியு போட்டு கிராங்க் முனையில் பல் சக்கரமும் சென்சாரும் வைக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறையும். எப்படியிருந்தாலும், எஞ்சின் முன்பின்னாக எங்கே நிற்கும் என்பதை கியர் லீவர் வெளியே வரும் ஓட்டையும் இந்தப் பின் இடைவெளியும் சேர்ந்துதான் முடிவு செய்யும். பின்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள், அது எடைக்கும் நல்லது.

எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அந்தக் காரில் கியர்பாக்ஸையும் பின் டிஃப்ரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருக்கும். பெட்டிக்கென்று தனி ரப்பர் மவுண்ட் கிடையாது. எம்ஜிபிக்குள் அந்தச் சட்டம் வராது என்பதால் பெட்டியின் அடியில் மவுண்ட் ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும், எம்ஜிபியின் பழைய கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பர் போல்ட் ஓட்டைகளையே பயன்படுத்தி. எஞ்சின் மவுண்டும் அப்படியே, பாடியில் ஏற்கனவே இருக்கும் இடங்களிலிருந்து பிராக்கெட் எடுங்கள். பானெட்டை மூடிப் பார்க்காமல் எதையும் முழுதாக வெல்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ரப்பரில் ஆடும், அதற்கும் மேலே இடைவெளி வேண்டும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், இரண்டு முனையும் வெவ்வேறு அளவு. அதை ஆர்டர் கொடுப்பதற்கு முன் கார் நான்கு சக்கரத்திலும் தன் எடையோடு நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் வெளிமுனையின் சாய்வும் பின் ஆக்சில் பினியனின் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று கோணமானி வைத்துப் பாருங்கள். இணையாக இல்லாவிட்டால் மணிக்கு 50 மைலுக்கு மேல் ஒரு அதிர்வு வரும். எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டே திரிவீர்கள்.

ஸ்டீரிங் கம்பி உங்கள் வலதுகை ஓட்டும் காரில் வலப்பக்கம் இறங்குகிறது. எந்த எஞ்சினைத் தேர்ந்தாலும், எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் வருகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்டீரிங் ஜாயிண்ட்டை ஒட்டி எக்ஸாஸ்ட் போனால் அந்தச் சூட்டிலேயே ஜாயிண்ட் கெடும். பக்கத்தில் பிரேக் குழாயும் இருக்கிறது.

எரிபொருள் பகுதியில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் எஸ்யு பம்ப் கொடுக்கும் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐக்குப் பக்கத்தில். ஊசிப் பீச்சு (இன்ஜெக்ஷன்) எஞ்சினுக்கு வேண்டியது மூன்று பார், அதாவது 40 பிஎஸ்ஐக்கு மேல். பழைய ரப்பர் ஹோஸும் ஜூபிலி கிளிப்பும் இந்த அழுத்தத்துக்கு ஆகாது. பீச்சு அமைப்புக்கான ஹோஸ், அதற்கான கிளிப், உலோகக் குழாய், டேங்குக்குத் திரும்பும் தனிக் குழாய் எல்லாம் வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் என்பது 10 சதவீத எத்தனால் கலந்தது. அதைத் தாங்கும் ஆர்9 தர ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள்.

எம்ஜிபி டேங்குக்குள் பீச்சு எஞ்சினுக்குப் போதுமான தடுப்புகள் இல்லை. கால் டேங்க் இருக்கும்போது வேகமாக வளைந்தால் பெட்ரோல் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டருக்கு அது பெரிய விஷயமில்லை, அதன் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கும். பீச்சு எஞ்சின் உடனே இருமும். இதற்கு ஸ்வர்ல் பாட் என்ற சின்ன உருளையை நடுவில் வைப்பார்கள். பழைய பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், உயரழுத்தப் பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கும். பயணிகள் இருக்கும் பகுதிக்குள் இவை எதுவும் வரக் கூடாது. மோதினால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் கட்டாயம். அது எம்எக்ஸ்-5-ல் இல்லாவிட்டால் வேறு எந்தப் பழைய ஃபோர்டிலும் கிடைக்கும்.

கூலிங்கில் ஆட்கள் தடுக்கி விழுவது ரேடியேட்டரின் அளவில் அல்ல, காற்றை வெளியேற்றுவதில். எம்எக்ஸ்-5 எஞ்சின் பழைய மாஸ்டா 323-ன் குறுக்கு எஞ்சினிலிருந்து வந்தது. அதில் தண்ணீர் ஹெட்டின் ஒரு முனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5-க்காக அதை முன்பக்கம் மாற்றினார்கள். அதனால் கடைசி சிலிண்டர் மற்றவற்றை விடச் சூடாக ஓடும். சாலையில் ஓட்ட அது பரவாயில்லை. ஆனால் எஞ்சினின் பின்முனையிலிருந்து ஹீட்டருக்குப் போகும் குழாயை ‘ஹீட்டர் வேண்டாம்’ என்று அடைத்துவிடாதீர்கள், அங்கே ஓட்டம் இருந்தாக வேண்டும். புதிய அலுமினிய ரேடியேட்டர், மின் விசிறி, எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் ஹெடர் டேங்க் (தண்ணீர்த் தொட்டி), அதற்கு ஹெட்டிலிருந்தும் ரேடியேட்டர் மேல்முனையிலிருந்தும் மெல்லிய காற்றுக் குழாய். இவ்வளவும் இருந்தால் லண்டனைச் சுற்றும் எம்25 மோட்டார்வேயின் ஆகஸ்ட் மாத நெரிசலிலும் சூட்டு முள் நகராது.

மின்சாரத்தில் உங்கள் ஆண்டு அதிர்ஷ்டமானது. 1967-க்குப் பிறகு எம்ஜிபி நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), ஆல்டர்னேட்டர். பழைய வயரிங்கோடு கலக்காமல் எஞ்சின் வயரிங்கைத் தனிக் கட்டாக வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் பெட்டி வழியாகக் கொடுங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தடிமனான எர்த் வயர் போடுங்கள், பீச்சு எஞ்சின்களில் வரும் மர்மக் கோளாறுகளில் பாதி அங்கேதான் இருக்கும். ஸ்மித்ஸ் மீட்டர்களைத் தயவுசெய்து காப்பாற்றுங்கள், அந்த டேஷ்போர்டுதான் காரின் முகம். டாக்கோமீட்டருக்கு ஈசியு சிக்னலை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பலகை கிடைக்கும். ஆயில் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் சேர்ந்த இரட்டை மீட்டருக்கு எஞ்சின் பக்கம் அடாப்டர் செய்துகொள்ளலாம். ஸ்பீடோமீட்டருக்கு, முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 பெட்டியில் கேபிள் ஓட்டம் இருப்பதால், இரண்டு முனையும் பொருந்தும்படி ஒரு கேபிள் செய்து மீட்டரைத் திருத்தினால் போதும். இரண்டாம் தலைமுறைப் பெட்டி வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக்சில் பற்றி ஒரு நல்ல செய்தி. மாஸ்டாவின் ஐந்தாவது கியர் 0.81 சொச்சம். அதை உங்கள் 3.909 ஆக்சிலோடு பெருக்கினால் வருவது எம்ஜிபி ஓவர்டிரைவில் வந்த அதே கணக்கு, 70 மைலுக்குச் சுமார் 3200 சுற்று. எதையும் மாற்ற வேண்டாம். இந்தச் சக்திக்கு உங்கள் காரின் சால்ஸ்பரி வகைப் பின் ஆக்சில் தாங்கும். வி8 போடுகிறவர்களுக்குத்தான் தொழிற்சாலை செய்தது போல் 3.07 விகிதம் தேவை. கம்பி வீல்கள் இருந்தால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிடி வி8-க்குத் தொழிற்சாலை கம்பி வீல் கொடுக்கவே இல்லை.

பிரேக்கில் முன் டிஸ்க், பின் டிரம், எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் 130 குதிரைத்திறனுக்குத் திருப்தியாக இருக்கும். பேட் நல்லதாகப் போடுங்கள், சர்வோ (பிரேக் அழுத்தத்தைக் கூட்டும் கருவி) இல்லையென்றால் சேருங்கள். பின்பக்க லீவர் டேம்பர்களை (அதிர்வு தாங்கிகள்) டெலஸ்கோப்பிக் வகையாக மாற்றுவது ஒரு நாள் வேலை, பலன் உடனே தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் பாடி. எம்ஜிபி ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லை, தனிச் சேசிஸும் இல்லை. வண்டியின் மொத்த உறுதியும் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்கிற பெட்டிப் பகுதியில்தான். ஜாக்கியில் தூக்கும்போது கதவு இடைவெளி சுருங்கினால் எஞ்சின் பேச்சை ஒத்திவைத்துவிட்டு அந்தப் பணத்தை அங்கே போடுங்கள்.

கடைசியாகப் பதிவு எண். வாகனப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் பிரிட்டிஷ் அரசு அமைப்பான டிவிஎல்ஏ நெடுங்காலமாக ஒரு புள்ளிக்கணக்கு வைத்திருந்தது. பாடி அல்லது சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில்கள், டிரான்ஸ்மிஷன், ஸ்டீரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எண்ணை வைத்திருக்க 8 புள்ளி வேண்டும், அதில் பாடியின் ஐந்தும் இருந்தாக வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் மாறினால் போவது மூன்றே புள்ளி, மீதி 11. பாடியை வெட்டியவர்கள்தான் சிக்கினார்கள், ஐந்தும் ஒரேயடியாகப் போனது. 2025 ஆகஸ்டில் இந்த விதிகளைத் தளர்த்தினார்கள். இப்போது கட்டமைப்பை மாற்றிய காரும் எண்ணை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் தெரிவிக்க வேண்டும். இருந்தாலும் வெட்டாதீர்கள் என்ற என் பேச்சில் மாற்றமில்லை. வெட்டாத காரைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம், விற்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. வி5சி என்ற பதிவு ஆவணத்தில் புதிய எஞ்சின் எண்ணையும் சிசியையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எம்ஓடி வேறு விஷயம். 40 வயது தாண்டிய கார்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் கணிசமாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. வேறு கம்பெனி எஞ்சின் போட்ட பிறகு அந்த விலக்கைக் கோராதீர்கள். வருடாவருடம் எம்ஓடி எடுத்துவிடுங்கள், உங்களுக்கே நல்லது. புகைச் சோதனையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 1975 ஆகஸ்டுக்கு முன் முதலில் சாலைக்கு வந்த காருக்குக் கண்ணால் பார்க்கும் சோதனைதான். புது எஞ்சின் போட்டதால் அது மாறாது.

காப்பீட்டுக் கம்பெனியிடம் வேலை முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருக்காதீர்கள், தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். மாற்றியமைத்த பழைய கார்களுக்கென்றே பாலிசி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் பொறியாளர் அறிக்கை கேட்பார்கள், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்திருந்தால் அந்த அறிக்கை சுலபமாகக் கிடைக்கும். பழைய பி-சீரிஸ் எஞ்சினையும் பெட்டியையும் விற்றுவிடாதீர்கள். ஆயில் ஊற்றி, ஓட்டைகளை அடைத்து, எண் தகடோடு ஒரு மூலையில் வையுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எனக்கு மூன்று விவரம் சொல்லுங்கள்: ஓவர்டிரைவ் இருக்கிறதா, கம்பி வீலா தகட்டு வீலா, சில்களை எப்போது, யார் மாற்றினார்கள். மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால் கிராஸ்மெம்பர் போல்ட் இடங்களையும் சில்லின் அடிப்பகுதியையும் படமெடுத்து அனுப்புங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.